நுழைந்த தேதி

ஆறாம் ஜன்னலில் நான்.
போர்ட்லாந்து, மேய்ன். பிப்ரவரி.
வெளியே உப்புத் தூவிய நடைபாதை,
உள்ளே ஈரக் கம்பளிகளின் வாடை.
நாற்பத்தேழு என்று கூப்பிட்டதும்
கபுரா வந்தாள்.
இடுப்பில் மூன்று வயது இராகோசே,
ஒரு காலில் மட்டும் பூட்ஸ்.

கண்ணாடிக்கு அடியில் கடிதத்தைத் தள்ளினாள்.
மடித்து மடித்து
மடிப்புகளில் வெளிச்சம் தெரிந்தது.
'புகலிடம் வழங்கப்பட்டது.'
இந்த வரியை நான் ஆயிரம் முறை படித்திருப்பேன்;
அவள் ஒரே முறை கேட்டிருக்கிறாள்,
அதுவும் வேறொருவர் வாயால்.

ஸ்பீக்கரில் கிருண்டி மொழிபெயர்ப்பாளர்.
எந்த ஊரோ, யார் வீட்டுச் சமையலறையோ,
அவருக்குப் பின்னால் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

நாட்டுக்குள் நுழைந்த தேதி?
திரை என்னைக் கேட்டது, நான் அவரைக் கேட்டேன்,
அவர் அவளைக் கேட்டார்.
நாலு வருஷம் முன்னால், மார்ச் மாதம்,
விமானம் இறங்கும்போது மழை.

இல்லை அம்மா, அது நீங்கள் வந்த நாள்.
இங்கே கேட்பது நுழைந்த நாள்.
புகலிடம் தந்த நாள் எதுவோ
உதவிக் கணக்கில் அதுதான் நுழைந்த நாள்.
அக்டோபர் ஒன்பது.

தண்ணீர் கொதிப்பது நின்றது.
பிறகு அவர் சொன்னார்:
'அன்றைக்கு மீன் ஆலையில் இரவு ஷிஃப்ட்.
கையுறைக்குள் விரல் மரத்துப் போயிருந்தது.
எந்த வாசல் வழியாக நுழைந்தேன் என்று
கேட்கிறார்.'

நல்லதுக்குத்தான் என்றேன்.
மார்ச் மழையிலிருந்து எண்ணினால்
உங்களுக்கு ஒரு மாதமும் மிஞ்சாது.
உணவு அட்டை, மருத்துவம், கொஞ்ச காலத்துக்குப் பணம்,
எல்லாம் அக்டோபரிலிருந்துதான்.

சொன்ன பிறகுதான் கடிதத்தின் உறையைப் பார்த்தேன்.
பழைய முகவரி.
அந்த வீட்டில் இப்போது இருப்பவர்கள்
ரேடியேட்டர் மேல் போட்டு வைத்திருந்தார்களாம்,
போன வாரம் வரை.
எண்ணித் தரும் மாதங்களில் நான்கு
அங்கேயே காய்ந்து போயின.
அதற்கு இந்தத் திரையில் கட்டம் இல்லை.
மன்னிக்கவும் என்றேன்; அதையும் மொழிபெயர்த்தார்.

அடுத்து பையன்.
பிறந்த இடம்: போர்ட்லாந்து, மேய்ன்.
நுழைந்த தேதி என்ற கட்டம்
தானாகவே சாம்பல் நிறமானது.

கபுரா திரையை எட்டிப் பார்த்தாள்,
விரல் விட்டு எண்ணினாள், ஏதோ சொன்னாள்.
அவள் சிரித்தாள், ஃபோனில் அவர் சிரித்தார்,
சிரிப்பு என்னிடம் மூன்றாவதாகத்தான் வந்தது:
'அப்படியானால் இவன் எனக்கு மூத்தவன்.
அம்மா வருமுன்பே வந்து
பிறந்து, பல் முளைத்து,
நடக்கவும் பழகிவிட்டு
எனக்காகக் காத்திருந்திருக்கிறான்.'

அக்டோபர் ஒன்பது என்று அடித்தேன்.
திரை ஏற்றுக்கொண்டது.
தகுதி உண்டு.

எழுந்தாள். என் பேனாவைத் திருப்பித் தந்தாள்,
மேஜையில் அவள் சிந்தாத ஈரத்தையும்
கைக்குட்டையால் துடைத்தாள்.
இராகோசே யாரையும் கேட்கவில்லை.
நாற்பத்தேழாம் எண் சீட்டை எடுத்து
வாயில் போட்டுக்கொண்டான்,
உள்ளூர்க்காரன்.

நாற்பத்தெட்டு.