எடைமேடை

மண்டைக்காடு தாண்டிப் பேருந்து காலியான பிறகு
நடத்துநர் கேட்டார்:
"கொம்புவிளையா? அங்க யாரு இருக்கா?"
யாருமில்லை. இரும்பு இருக்கிறது.
அதைக் கிலோக் கணக்கில் எழுதத்தான்
யோபுதாஸ் அண்ணாச்சி என்னைக் கூட்டிவந்தார்.

கறுத்த மணல் அள்ளிய காலத்தில் இங்கே
மூன்று லாட்ஜ், இரண்டு நகைக்கடன் ஆபீஸ்,
விடிய விடிய பரோட்டா.
பால்காரன் மாட்டை விற்று லாரி வாங்கினானாம்.
இப்போது ஒரு லாட்ஜின் சாவிப் பலகையில்
ஆறாம் எண் மட்டும் தொங்குகிறது.
மாடியேறிப் பார்த்தேன்.
ஆறாம் அறைக்குக் கதவு இல்லை.

கடல் கூப்பிடு தூரத்தில்தான்.
ஆனாலும் இது பாலை.
தோண்டிச் சலித்துக் கறுப்பை எடுத்துக்கொண்டு
திருப்பிக் கொட்டிய மணல்
மேடு மேடாக வெளுத்துக் கிடக்கிறது,
அடம்பங்கொடிகூட ஏறவில்லை.
காற்று அதை இங்கிருந்து அங்கே வைக்கிறது,
பிறகு அங்கிருந்து இங்கே.
சம்பளமில்லாத ஷிப்டு.

அண்ணாச்சி கன்வேயர் தூணைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்தார்.
"துரு தின்னது போவ நாலு டன் தேறும். எழுதுடே."
எழுதினேன்.
மணலைப் பிரித்த காந்த உருளைகளை
யாரோ முன்பே கழற்றிப் போயிருந்தார்கள்.
உருளை இருந்த பள்ளத்தில்
ஒரு நண்டு, பக்கவாட்டில் யோசித்துக்கொண்டு.

எடைமேடை அறையின் சுவர் முழுக்கப் பென்சில்:
லாரி எண், நேரம், எடை.
நடுவே வேறு கையெழுத்து.
வண்டி, கிளீட்டஸ்: 8240
வண்டி, கிளீட்டஸ், மெற்றில்டா: 8290
ஏழு மாதம் தள்ளி ஒரு தேதி.
அதே மூன்று பேர்: 8300
வண்டியையும் ஒரு பேராக எண்ணியிருக்கிறான்.

அதற்குக் கீழே காரை பெயர்ந்திருந்தது.
குனிந்து தரையில் கிடந்த சில்லுகளைப் புரட்டினேன்.
ஒன்றில் ஒரு எட்டு.
அல்லது பூஜ்யத்தின் மேல் பூஜ்யம்.
"சுவத்துக்கு வெல கெடையாது, வெளிய வா."

வெளியே வந்து மேடையின் நடுவில் நின்றேன்.
மின்சாரம் போய்ப் பதினாறு வருடம்.
ஆனாலும் அடியில் என்னவோ
ஒரு நூல் இறங்கிக் கொடுத்தது,
ஆள் வந்தால் பாயில் நகர்ந்து இடம் விடுவதைப் போல.
"எறங்குடே, அதையும் எழுதணும்."
எடைமேடை ஒன்று. பதினொரு டன்.

சாயங்காலம் அதே பேருந்து, அதே நடத்துநர்.
"யாராவது இருந்தாவளா?"
ஐம்பது கிலோ என்று சொல்ல வந்தேன்.
கண்ணாடி வழியே மணல் வந்து
அவர் டிக்கெட் கட்டின் மேல் உட்கார்ந்தது.
ஊதிவிட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்.
சில்லறை இல்லை என்றேன்.