நீலத் துளை

ஆறே முக்காலுக்குச் சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் இருந்து போன்:
"துண்டு அடிக்கேலாமல் கிடக்கு.
சனம் கேற் தாண்டி நிக்குது."
பாணைக் கடித்தபடி ஹெல்மெற்றைக் கொழுவினேன்.
நாவற்குழிப் பாலத்தில் காற்று
ஸ்கூட்டியை ஒருபக்கமாய்த் தள்ளியது.

பதினொரு கொம்பியூட்டர்.
ஆறு சரி, ஐந்து பிழை.
பிழையானவற்றுக்கும் விலாசம் இருந்தது, அதுதான் சிக்கல்.
விலாசமே இல்லையென்றால் கண்டுபிடிப்பது சுகம்.
பத்து என்று தொடங்கவேண்டியவை
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று தொடங்கின,
யாரோ வீட்டுக் கட்டிலில் இருந்து
அப்படியே எழும்பி வேலைக்கு வந்தவை போல.

ஒரு மெசின் கண்விழிக்கும்போது
தான் எங்கே இருக்கிறதென்று அதற்குத் தெரியாது.
உடம்பில் பொறித்த பன்னிரண்டு எழுத்துத்தான் கையிருப்பு.
யாரிடம் கேட்பதென்றும் தெரியாது,
ஆகவே எல்லோரையும் பார்த்துக் கத்தும்:
இஞ்ச ஆரும் இருக்கிறியளோ?

டி.எச்.சி.பி. சேர்வர் என்பது
அந்தக் கத்தலுக்கு ஓம் சொல்வது.
இந்தா உன் இலக்கம்.
வெளியே போக இந்த வாசல்.
பெயர் விசாரிக்க இன்னாரிடம் போ.
எட்டு மணித்தியாலக் குத்தகை,
பாதி கழிய வந்து புதுப்பி.
அவ்வளவுதான். படிவம் இல்லை,
கிராம அலுவலரின் கையெழுத்து இல்லை,
"நிரந்தர முகவரி" என்ற கோட்டில்
பேனை தயங்கி நிற்பதில்லை.

(பள்ளிக்கூடம் முடிக்க முன்
ஒன்பது விலாசம் எழுதியவள் நான்.
அது வேறு கதை. சனம் நிற்கிறது.)

ஆனால் சேர்வர் ஓம் என்பதற்குள்
வேறொன்று ஓம் என்றால்?
மெசினுக்குச் சந்தேகப்படத் தெரியாது.
முந்தின குரலுக்குத் தலையாட்டும்.

சுவிற்ச்சுக்குள் புகுந்து
அந்தக் குரலின் பன்னிரண்டு எழுத்தைத் தேடினேன்.
பதினேழாம் கதவு.
பதினேழின் வயர் சீலிங்கில் எலிப் புழுக்கைக்குள்ளால்,
எக்ஸ்ரே அறைச் சுவரோரமாய்ப் போய்
டெங்கு வார்ட்டில்
மிசிமாரின் மேசைக்குக் கீழே இறங்கியது.
அங்கே சேலைன் பெட்டிக்குப் பின்னால்
வெள்ளையாய், கைக்கடக்கமாய்,
இரண்டு கொம்போடு ஒரு ரவுட்டர்,
கேட்டவைக்கெல்லாம் விலாசம் வழங்கிக்கொண்டு.

"உது என்ர தான்" என்றா யூடித் மிசி.
"வார்ட்டில சிக்னல் இல்லைப் பிள்ளை.
பதின்மூண்டாம் கட்டில் பெடியன்ர தகப்பன் கட்டாரில,
ராவு ரெண்டு மணிக்குத்தான் வேலை விடும்.
வயரைக் கொழுவினனான், வேற ஒண்டையும் தொடேல்லை."

உண்மைதான்.
மஞ்சள் துளையில் கொழுவியிருந்தா.

விதிப்படி அதைக் கழற்றிப் பையில் போட்டு
எழுத்தில் அறிவிக்கவேண்டும்.
பதின்மூன்றைப் பார்த்தேன். பெடியன் நித்திரை.
கட்டில் அட்டையில் பிளேற்லற் எண்ணிக்கை
நேற்றையதை விடக் கொஞ்சம் கூட.

வயரை உருவி
மஞ்சளில் இருந்து நீலத்துக்கு மாற்றினேன்.
ஒரு விரற்கடைத் தூரம்.

லைற் அணைந்தது. செம்மஞ்சளாய் வந்தது.
இவ்வளவு நேரமும் கொடுத்துக்கொண்டிருந்தது
இப்போது மற்றவைகளைப் போல
வாசலில் நின்று கேட்டது:
இஞ்ச ஆரும் இருக்கிறியளோ?

ஓம் என்றது சேர்வர்.
பத்து, இருபது, நான்கு, நூற்றுப் பதினெட்டு.
எட்டு மணித்தியாலத்துக்கு.

கீழே போய் ஐந்தையும் நிற்பாட்டி எழுப்பினேன்.
எட்டு ஐம்பத்திரண்டுக்கு முதல் துண்டு அடித்தது,
வரணியில் இருந்து வந்த ஒருவரின் இருமலுக்கு.

பிறகு சுவிற்ச்சில் ஒரு வரி சேர்த்தேன்:
இனி ஓம் சொல்ல ஒரு கதவுக்குத்தான் உரிமை.
கேட்பதற்கு எல்லாக் கதவும்.

அறிக்கையில் "காரணம்" என்ற பெட்டிக்குள்
"வயர் துளை மாறியது" என்று எழுதினேன். பொய் இல்லை.
"பொறுப்பானவர்" என்ற பெட்டியை நிரப்பவில்லை.

வார்ட்டில் இருந்து தேத்தண்ணி வந்தது.
சீனி கூட.