சேறு பூசுபவள்

என் வேலை சேறு.
நாலு டப்பாக்களில் வைத்திருக்கிறேன்:
ஈரம், காய்ந்தது, முழங்கால், நகக்கண்.
வார்சாவிலிருந்து வந்தவை;
தோலுக்குக் கெடுதல் இல்லை என்று மூடியில் எழுதியிருக்கிறது.
காலடியில் கிடப்பது இலவசம்தான், ஆனால்
அதில் உண்ணி இருக்கும்,
இன்சூரன்ஸ்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

முள்வேலி ரப்பர்.
நாய்கள் இரண்டும் பயிற்சி பெற்றவை;
வாலாட்டாமல் குரைப்பதுதான் அவற்றுக்குக் கஷ்டம்.
நிஜ வேலி இங்கிருந்து ஆறு கிலோமீட்டர்.
அந்தப் பக்கமிருந்து காற்று வீசினால்
ஒலிப்பதிவாளர் கைதூக்கி எல்லாவற்றையும் நிறுத்துவார்.
ஏதோ ஒரு ஜீப்.
அது போகும்வரை அகதிகள் எல்லோரும்
மரத்தடியில் உட்கார்ந்து போனைப் பார்ப்பார்கள்.

ஷ்ன்யார் ஐந்தரைக்கே வந்துவிடுவாள்.
ரானியா ஊர். பல்மருத்துவம், மூன்றாம் ஆண்டோடு நின்றது.
மூன்று குளிர்காலம் முன்பு இதே காட்டில்
பத்தொன்பது நாள் இருந்தாளாம்.
இப்போது துணைநடிகை,
நாளுக்கு முந்நூறு ஸ்லோட்டி, சாப்பாடு தனி.
"கன்னத்தில் வேண்டாம்" என்றாள்.
"கன்னத்தைப் பனியால் துடைத்துக்கொண்டே இருந்தோம்.
யாராவது கதவைத் திறந்தால்
மனுஷர்களாய்த் தெரிய வேண்டுமே."
துடைத்துவிட்டேன்.
டைரக்டர் வந்து பார்த்து மறுபடி பூசச் சொன்னார்.

ஓடு, விழு, அலறு.
ஓடினாள். விழுந்தாள். அலறவில்லை.
சத்தம் போட்டால் நாய் வரும் என்றாள்.
படத்தில் நாய் வரத்தான் வேண்டும் என்றார்கள்.
யோசித்தாள்.
நாலாவது டேக்கில் அலறிய அலறலில்
நாய்களில் ஒன்று மிரண்டு
பயிற்சியாளர் காலுக்கிடையில் புகுந்தது.
எல்லோரும் சிரித்தோம், அவளும்தான்.

"கட்" என்றதும் போர்வையோடு ஓடுவதும் என் வேலையே.
ஒன்பது முறை விழுந்தாள்,
ஒன்பது முறை போர்த்தினேன்.
"ஒரு சொல்லுக்கு இத்தனை பேர் ஓடிவருகிறீர்களே"
என்றாள், உடைந்த போலிஷில்.

இடைவேளையில் தெர்மாஸ், பீட்ரூட் சூப்.
நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.
பதினோராம் இரவு ஒரு கிராமத்தின் ஓரம்வரை வந்தார்கள்.
ஒரு சமையலறையில் விளக்கு,
வெங்காயம் வதங்கும் வாசனை.
கூட வந்த பையன் கதவைத் தட்டினான்,
இரண்டே தட்டு, மரியாதையாக.
விளக்கு அணைந்தது.
அடுப்பை அணைக்க மறந்துவிட்டார்கள் போல.
இருட்டில் வெங்காயம்
வதங்கிக்கொண்டே இருந்தது.
கருகும்வரை நின்றோம் என்றாள்.

எங்கள் கிராமத்தில் முப்பத்தொரு வீடு.
எல்லா வீட்டிலும் வெங்காயம் உண்டு.
சாலைக்கு எந்தப் பக்கம், கதவு என்ன நிறம்,
கேட்க நாக்கு எழுந்தது.
சூப்புக்கு மிளகு போதுமா என்று கேட்டேன்.

அந்த நவம்பரில் எங்கள் வாணலி ஒன்று அடிப்பிடித்து
மணல் போட்டுத் தேய்த்தும் வெளுக்காமல்
கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போயிற்று.
இப்போதும் கொட்டகைப் பக்கம் கிடக்கிறது.
காலையில் அதன்மேல் ஐஸ் கட்டும்,
குச்சியால் உடைத்துவிட்டுத்தான் வேலைக்கு வருகிறேன்.

நாளைக்குக் கதவுக் காட்சியாம்.
செட்காரர்கள் ஒரு கதவு, ஒரு ஜன்னல் செய்து நிறுத்தியிருக்கிறார்கள்,
பின்னால் வீடு இல்லை.
உள்ளே நிற்க உள்ளூர்க்காரி ஒருத்தி தேவை.
வசனம் கிடையாது,
விளக்கை அணைத்தால் போதும் என்று
என்னைக் கேட்டார்கள்.

முகத்துக்கு என்ன பூசுவது என்றேன்.

ஒன்றும் வேண்டாம்,
அப்படியே வாருங்கள் என்றார்கள்.