உப்பு தனி

வாவுபலிப் பொருட்காட்சி தொடங்கியதிலிருந்து
என் நாக்கு வேலைக்கு வரவில்லை.
லீவும் எழுதித் தரவில்லை.

தீயலில் உப்பு எப்படி என்று
இப்போதெல்லாம் பிகாஷ்தான் சொல்கிறான்.
சும்டேகாவிலிருந்து வந்து ஏழு மாதம்,
பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தவன்.
வறுத்த தேங்காயை முதல் தடவை பார்த்தபோது
கருகிவிட்டதென்று கொட்டப் போனவன்.
கரண்டியை அவன் உள்ளங்கையில் சாய்க்கிறேன்.
நக்குகிறான். கூரையைப் பார்க்கிறான்.
"கொறவு" என்கிறான், அல்லது "மதி."
அவனுக்குத் தெரிந்த தமிழில் பாதி மலையாளம்.
மேம்பாலத்துக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு
பசியோடு வருகிற குடும்பங்களுக்கு
அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இறக்குகிறேன்.

முதலாளிக்குத் தெரியாது.
பெல்சிக்கும் தெரியாது.
அவள் வைத்த சாளைக்கறியைக்
"கொள்ளாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவேன்.
தூக்கத்திலும் பிரிண்டர் கிர்ரென்கிறது:
டேபிள் ஒன்பது, டேபிள் ஒன்பது,
இரண்டு பொரோட்டா, ஒரு பீஃப்,
காரம் குறைத்து, குழந்தைக்கு.
எந்தக் குழந்தை?
பதினான்கு வருடத்தில் ஒரு குழந்தையையும் நான் பார்த்ததில்லை.
காரம் மட்டும் குறைத்திருக்கிறேன்.

கை நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் பயம்.
கண்ணை மூடினாலும் வெங்காயம் சீராக விழுகிறது.
தோளில் எண்ணெய் தெறித்துக் கொப்பளித்ததை
மறுநாள் சட்டை ஒட்டியபோதுதான் கவனித்தேன்.
டாக்டர் கொரோனாவோ என்று மூக்கில் குச்சி விட்டார்.
ஒன்றுமில்லை என்று காகிதம் வந்தது.
ஒன்றுமில்லைக்கு நானூறு ரூபாய்.

சனிக்கிழமை இரவு ஒன்பது நாற்பதுக்கு
பிரிண்டரில் ரோல் தீர்ந்தது.
புது ரோல் தலைக்கு மேலே, பப்படக் கட்டுக்குப் பக்கத்தில்.
நான் கை நீட்டவில்லை.
முதலில் எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டது.
அப்புறம் குழம்பு கொதிப்பது.
அப்புறம் பிகாஷ் முணுமுணுக்கும் ஏதோ பாட்டு.
ஏழு மாதமும் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறான் போல.
மூன்று நிமிடம் இருக்கும்.
சப்ளையர் ஜெபின் எட்டிப் பார்த்தான்:
"அண்ணே, உள்ள ஆளு உண்டா?"
நல்ல கேள்வி.
ரோலை மாற்றினேன்.

அடுப்பணைத்து வண்டியெடுத்தேன்.
குழித்துறைப் பாலம் தாண்டி ஒரு தட்டுக்கடை.
பன்னிரண்டரைக்குக் கஞ்சிதான் மிச்சம்.
கஞ்சி, பயறு, சுட்ட பப்படம்,
ஓரமாக ஒரு சிரட்டையில் கல்லுப்பு.
"உப்பு நீங்களே இட்டுக்கிடணும்" என்றார் கடைக்காரர்,
தோசைக்கல்லைச் சுரண்டியபடி, என்னைப் பார்க்காமலே.

சிரட்டையை ரொம்ப நேரம் பார்த்தேன்.
எத்தனை ஆயிரம் பேருக்குப் போட்ட கை.
எனக்கு எவ்வளவு என்று அதற்குத் தெரியவில்லை.
பிகாஷை எழுப்பியா கேட்க முடியும்?
போடாமலே குடித்தேன்.
சூடு தெரிந்தது.
பாதிக் கஞ்சியில், கடைவாயில் மசிந்த ஒரு பருக்கையில்
இனிப்பு மாதிரி ஏதோ.
இருந்திருக்கலாம். சத்தியம் பண்ண மாட்டேன்.
தூரத்தில் பொருட்காட்சி ராட்டினத்தின் விளக்குகளை
ஒவ்வொரு வரிசையாக அணைத்துக்கொண்டிருந்தார்கள்.
எத்தனை நட்சத்திரம் என்று
அங்கே யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஞாயிறு காலை முதலாளியிடம் போய்
செவ்வாய்க்கிழமை வேண்டும் என்றேன்.
இந்தச் செவ்வாய் மட்டுமல்ல, எல்லாச் செவ்வாயும்.
"பொருட்காட்சி களியட்டு, பாப்பம்."
நாக்கு செத்துப்போச்சு என்றேன்.
சிரித்தார். தீயலைப் போன வாரம்தான்
தக்கலைக்காரர் ஒருத்தர் புகழ்ந்துவிட்டுப் போனாராம்.
பிகாஷை இழுத்து வந்து முன்னால் நிறுத்தினேன்.
"அந்தத் தீயல் இவன்."

அவனைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்,
சுவரில் காலண்டரைப் பார்க்கிறார்.
இன்னும் பதில் வரவில்லை.
பிகாஷ் மட்டும்
எதற்குக் கூப்பிட்டேன் என்று புரியாமல்
வழக்கம்போல உள்ளங்கையை நீட்டிக்கொண்டு
நிற்கிறான்.