வரிக்கு நாலு சதம்

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பக்கத்தைப் பூட்டிவிட வேண்டும்.
பொழுது பட்டால் கிம்பலர் பேனை தொடமாட்டார்,
விளக்கைத் தூண்டமாட்டார், கணக்குப் பேசமாட்டார்.
வெள்ளி வராத சம்பளம் ஞாயிறுவரை வராது:
யூத மதம் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
'சம்பளம் தராத கிம்பளம்' என்று
மெஷின்காரன் சவிரிமுத்து பாட்டுக் கட்டினான்.
மெண்டல் கிம்பெல் அர்த்தம் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

செர்னோவிட்ஸ் என்ற ஊரில்
பன்னிரண்டு பக்க நாளிதழ் நடத்தியவர்.
ஒரு தை மாதம், சர்க்கார் கதவுக்கு அரக்கு வைத்தது.
கப்பல் மாறிக் கப்பல்.
கடைசிக் கப்பல் கரி ஏற்ற நின்ற இடம் திருகோணமலை.
கரி ஏற்றிக்கொண்டு அது போனது, இவர் போகவில்லை.

டொக்யார்ட் வீதி முடிவில்
வாடைக்காற்றில் காகிதம் ஈரித்து ஒட்டும் அறை.
'கொட்டியார் கூரியர்', நாலு பக்கம், முந்நூற்று நாற்பது பிரதி.
கடைசிப் பக்கம் மட்டும் தமிழ்.
ஈயத்தில் தலைகீழ் இடவலமாய்க் கிடக்கும் எழுத்தை
கோர்த்த என்னைவிட வேகமாய் வாசிப்பார்.
"எங்கள் வேதம் இந்தக் கரையிலிருந்துதான் தொடங்கும்" என்று
வலப்பக்கம் விரலை வைப்பார்.
மை அழியாத விரல்.

நாற்பத்திரண்டு. வருஷம் பிறக்க நாலைந்து நாள் இருக்கையில்
காலையில் விமானங்கள் வந்தன.
சீனன்குடா எண்ணெய்த் தாங்கி நாள்கணக்கில் எரிந்தது.
சென்சார் லெப்டினன் தந்தது இரண்டே சொல்: 'சிறு சேதம்'.
மிச்சப் பத்தியை வெறுமையாக விட்டோம்.
வெறுமையும் செய்திதான் என்று
சிவப்புப் பென்சிலால் அதையும் அடித்தான்.

வாசலில் பெண்கள்.
துறைமுகக் கூலிப் பதிவேட்டில் ஆட்களுக்குப் பெயரில்லை,
தகட்டு இலக்கம் மட்டும்.
கிம்பலர் நெடுநேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.
பிறகு, "விளம்பரம் எடு" என்றார்.

*தொலைந்தது: பச்சைக்கோட்டுச் சாரம், இடது முழங்காலில் தழும்பு.
கண்டவர் மூதூர் இறங்குதுறையில் சின்னத்தங்கத்திடம் சொல்லவும்.*

*தொலைந்தது: தகடு 218. மீன் வாங்கி வருவதாகச் சொன்னது.*

*தொலைந்தது: வெற்றிலைப் பெட்டி, பிடித்திருந்த கையோடு.*

சென்சார் விளம்பரம் வாசிப்பதில்லை.
வாசிப்பதென்றால் தமிழ் படித்திருக்க வேண்டுமே.
மூன்று வாரம், நாற்பத்தொரு விளம்பரம்.
காசு வாங்கவில்லை. பேரேட்டில் 'பாக்கி' என்று எழுதினார்.

நாற்பத்தாறில் செஞ்சிலுவைக் கடித உறை ஒன்று வந்தது.
நின்றபடியே வாசித்தார்.
அன்று செவ்வாய், அவர் லீவு எடுக்கவில்லை.
வியாழன் மாலை என்னிடம் ஒரு தாள்.
இங்கிலீஷ் பக்கத்தில் போடலாமே என்றேன்.
"அங்கே தேடுகிறவர்கள் இல்லை."

*தொலைந்தது: ரோஸா, சாம்பல் நிறச் சால்வை.
அம்மா, காது மந்தம்.
டாவிட், ஒன்பது வயது, முத்திரை சேர்ப்பவன்.
கடைசியாகக் கண்டது பூக் நதியின் அக்கரையில்.
கண்டவர் டொக்யார்ட் வீதிக்கு வந்து சொல்லவும்.*

ஐந்து வரி.
இருபது சதத்தை எண்ணி லாச்சியில் போட்டார்,
தன் பெயருக்கே ரசீது எழுதினார்.

ஐம்பத்தேழில் நேவி போனது. நேவியோடு சந்தாவும் போனது.
அறுபத்துநாலு சூறாவளி கூரையைத் தூக்கியபோது
பார்க்க அவர் இல்லை.
ஈய எழுத்துகளை நண்டுக் குழிகளில் பொறுக்கினேன்.
'ழ' ஒன்றுகூட அகப்படவில்லை.

அதெல்லாம் பிறகு.
அந்த விளம்பரம் வந்து எட்டாம் நாள்,
பக்கம் பூட்டும் நேரம்,
மூதூர் வள்ளத்தில் இறங்கி ஒருத்தி வந்தாள்.
சேலைக் கரையெல்லாம் உப்பு.
பள்ளிக்கூடத்துப் பெடியன் வாசித்துக் காட்டினானாம்.
"வந்து சொல்லச் சொல்லிப் போட்டிருந்தீங்கள்" என்றாள் சின்னத்தங்கம்.
"நான் காணேல்லை ஐயா.
காணேல்லையெண்டு சொல்லத்தான் வந்தனான்."

கிம்பலர் தன் கதிரையை அவளுக்கு இழுத்துப் போட்டார்.
ஐந்து அடித்தது.
பக்கம் இன்னும் பூட்டவில்லை.