எட்டு மணிக்கு மிஞ்சுகிறோம்

எபென் கோபுரத்தின் ஏழாவது மாடியில்
இரவுப் பணி எனக்கு.
ஸ்பெயினில் துணை தேடுகிறவர்கள்
காசு கட்டிக் கோபித்து எழுதும் புகார்களைத்
திறந்து, படித்து, பெட்டி பெட்டியாகப் பிரிக்க வேண்டும்.
அவர்களுக்கு மணி எட்டென்றால்
மொரீஷியசில் பதினொன்று.

பிரெஞ்சு தெரிந்தால் பாதி விளங்கும் என்றுதான் வேலைக்கு எடுத்தார்கள்.
மற்றப் பாதியில்தான் எல்லாரும் காதலிக்கிறார்கள்.

முதல் வாரம் சரகோசாவிலிருந்து ஒருத்தி:
"மே தெஹோ ப்ளந்தாதா."
என்னை நட்டுவிட்டுப் போனான்.
கரும்புக்காட்டு வீட்டுப் பெண் நான்.
நட்டால் முளைக்கும், இதில் என்ன புகார் என்று
'பிற' என்ற பெட்டியில் போட்டுவிட்டேன்.
அவளோ ஒரு மதுக்கடை வாசலில்
ஒன்றரை மணி நேரம்
புதுச் செருப்போடு நின்றிருக்கிறாள்.

அப்புறம் பூசணிக்காய்.
உன்னை வேண்டாம் என்பதற்கு அங்கே
பூசணிக்காய் கொடுத்தாள் என்பார்களாம்.
மூன்று வாங்கிய ஒரு பல் மருத்துவர்
சந்தாவைத் திருப்பிக் கேட்டார்.
முழுசாக மூன்று.
எந்தச் சோற்றில் மறைப்பார், பாவம்.

"கேதாமோஸ் அ லாஸ் ஓச்சோ"
என்றால் எட்டு மணிக்குச் சந்திப்போம்.
சொல்லைப் பிரித்துப் பார்த்தால்
எட்டு மணிக்கு மிஞ்சுகிறோம்.
யார் மிஞ்சுவது என்று
முன்கூட்டி எவரும் எழுதுவதில்லை.

ஒன்று மட்டும் அகராதி இல்லாமல் புரிந்தது:
"மே குஸ்தாஸ்."
பிரெஞ்சில் நேசிப்பதென்றால்
'நான்' முன்னால் வந்து நிற்கவேண்டும், நெஞ்சை நிமிர்த்தி.
இதில் நான் இல்லை. எனக்கு.
எனக்குப் பிடிக்கிறது,
சளி பிடிக்கிற மாதிரி,
நான் ஒன்றும் செய்யாமலே.
தமிழ்ப் பரீட்சையில் நான்காம் வேற்றுமைக்கு
முட்டை வாங்கியவள் நான்.
இதற்கென்று முன்பே சொல்லியிருக்கலாம்.

சற்றுமுன்
தடுப்புக்கு அந்தப் பக்கத்துக் கூபென் அனுப்பினான்:
"சாலிமோஸ் எல் சாபாதோ."
சனிக்கிழமை வெளியே போகிறோம்.
போனோம் என்றாலும் அதே சொல்தான்.
கேள்விக்குறி இல்லை.
என்னோடு என்று ஒரு 'கோன்மீகோ' சேர்த்திருந்தால்
இத்தனை தடவை படித்திருக்க மாட்டேன்.
மாடி முழுக்கவா? இருவரா?
வியாழக்கிழமை காவடி.
பத்து நாளாகக் கறி மீன் தொடாமல்
அவன் டப்பாவில் பருப்பும் பப்பாளியும்.
விரதம் முடிகிற நாளைக் கணக்குப் போட்டுத்தான்
சனி என்று எழுதியிருக்கிறான்.
அல்லது சனி எல்லாருக்கும் விடுமுறை.

ஸ்பானியச் சொல்லின் வாலில் ஒரே 'மோஸ்'.
நமக்கு இரண்டு:
நாங்கள் என்றால் அவனும் பந்தாட்டக் கூட்டாளிகளும்,
நாம் என்றால் உள்ளே நானும்.
திரையில் எழுத்தைத் தேடித் தேடித் தட்டி
"நாமா?" என்று அனுப்பினேன்.

அவனுக்குத் தமிழ் எழுத்து
கோயில் பலகை அளவுக்குத்தான்.
தடுப்புக்கு அந்தப் பக்கம் உதடு கூட்டுவது கேட்கிறது:
நா.
மா.
திரும்பவும் முதலிலிருந்து.

பதினொன்று ஐந்து.
வரிசையில் பதினாறு புகார்கள்.
இன்னும் எதையும் திறக்கவில்லை.