தடைக்காலத்துப் பாடம்

விசைப்படகெல்லாம் காசிமேட்டுக் கரையில்
ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடக்கிற மே மாதம்.
ஐஸ் உடைக்கிற மெஷினுக்குச் சாக்கைப் போர்த்திவிட்டு
ராத்திரி பதினொன்றரைக்கு
கம்பெனிக் கணக்கு மேசையில் தாளை விரிக்கிறேன்.
ஒரு பக்கம் இங்கிலீஷ். நடுவில் ஐஸ்லாந்து.
மூன்றாவதாக, நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட தமிழ்.
மொத்தம் முந்நூறு சொல்.
தேறிவிட்டால் ஜெசிந்தாவுக்கு
இன்னும் நாலு வருஷம் அங்கே மீன் வெட்ட அனுமதி.
அங்கே இப்போது சாயங்காலம் ஆறு.
"வெயில் அடிச்சிக்கினு கீது, சீக்கிரம் கேளு."

கம்ப்யூட்டர்.
"தொல்வா."
தோல்வியா?
"தொல்வாய்யா. எண்ணையும் குறி சொல்றவளையும்
சேர்த்துக் கட்டுன பேராம்."
எங்கள் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தேன்.
போன வாரம் லிங்கேஸ்வரன் பாக்கியை
இரண்டு தரம் ஏற்றிவிட்டு
ஒன்றும் தெரியாதவள்போல் விழித்துக்கொண்டிருந்தது.

டெலிபோன்.
"சீமி. பழங்காலத்துல நூலுன்னு அர்த்தம்."
அதற்கப்புறம் கொஞ்ச நேரம்
இரண்டு பேரும் இழுத்துப் பார்க்காமல்
சும்மா பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஐஸ்.
"ஈஸ். கட்டியும் அதான், குச்சி ஐஸும் அதான்."
ஐஸ் வைக்கிறதுக்கு?
"அது சிலபஸ்ல இல்ல."

ஃபிஷ் என்றால் இங்கிலீஷ்காரனுக்கு
எங்கே வைத்தாலும் செத்த மீன்.
அவர்களிடம் ஃபிஸ்குர், ஃபிஸ்க், ஃபிஸ்கி, ஃபிஸ்க்ஸ்.
நம்மிடம் மீன், மீனை, மீனுக்கு, மீனோட.
வால் ஆடுது பாரு, என்றேன்.
வால் ஆடுனா வெட்ட வராது, என்றாள்.
நின்று நின்று கால் வீங்கியிருக்கிறதாம்.

அங்கிள்.
"எந்த அங்கிளு? அம்மா கூடப் பொறந்தவரு மோதுர்ப்ரோதிர்.
அப்பா கூடப் பொறந்தவரு ஃபோதுர்ப்ரோதிர்."
மாமா, சித்தப்பா என்று பிரித்து எழுதினேன்.
இங்கிலீஷில் மட்டும்
ஆட்டோக்காரரும் எங்கள் கல்யாணத்துக்கு
ஐம்பது ரூபாய் மொய் வைத்தவரும்
ஒரே அங்கிள்.

சர்நேம் என்ற கட்டத்தில்
இரண்டு ஊரும் சேர்ந்து திணறியது.
இவள் மி. ஜெசிந்தா. மி என்றால் மிக்கேல்.
அங்கேயும் அப்பா பேர்தான், ஆனால் பின்னால் வரும்.
சூப்பர்வைசர் ஸ்டெய்னுன் பேனாவால் காதைச் சொறிந்துவிட்டு
பேட்ஜில் எழுதிக் கொடுத்தாளாம்:
ஜெசிந்தா மிக்கேல்ஸ்தோத்திர்.
எதிர்வீட்டுப் பெந்தெகொஸ்தே ஊழியர் காதில் விழுந்திருந்தால்
பதிலுக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லியிருப்பார்.

ப்ளீஸ்.
நடுக்கட்டம் காலி.
"தேடாத. அவங்களாண்ட அந்த வார்த்தையே இல்ல."
என் கட்டமும் காலிதான்.
தயவுசெய்து என்று எழுதி, அடித்தேன்.
ஜி.எம்.பேட்டையில் போய் தயவுசெய்து என்றால்
கோர்ட்டு நோட்டீஸ் வந்திருக்கிறதென்று கதவைச் சாத்துவார்கள்.
கொஞ்சம் தள்ளிக்கோப்பா.
கொஞ்சம் சில்லறை பாரும்மா.
கொஞ்சம், என்று எழுதினேன்.

ஹோம்.
"எதைக் கேக்குற?
வீட்டுக்குன்னா ஹெய்ம். வீட்லன்னா ஹெய்மா.
வீட்லேர்ந்துன்னா அத் ஹெய்மன்."
நீ இப்போ இன்னாத்துல கீற?
எண்ணூர் சாலையில் கன்டெய்னர் ட்ரெய்லர் ஒன்று
ஹார்ன் அடித்துக்கொண்டே போனது.
அது போய் முடிந்தும்
அவள் பேசவில்லை.

யெஸ்ஸை நான் கேட்கவே வேண்டியதில்லை. யௌ.
அதைச் சிலநேரம் அவர்கள்
மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வார்களாம்.
இவளுக்கும் ஒட்டிக்கொண்டது.
முதல் தடவை கேட்டபோது
கத்தி கையில் இறங்கிவிட்டதென்று நினைத்துக் கத்தினேன்.

ஜூன் பதினாலு ராத்திரி படகு கிளம்பும்.
அந்த வாரம்தான் அவளுக்குப் பரீட்சை.
முந்நூறும் கேட்டு முடித்தேன். பதினொன்று தப்பு.
பிறகு தாளில் இல்லாத ஒன்று:
பாஸ் ஆனாலும் ஒருவாட்டி
வந்துட்டுப் போவியா, கொஞ்சம்?

நூலின் அந்த முனையில்
ஒரு மூச்சு உள்ளே போனது.
பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்,
அது வெளியே வரட்டும் என்று.